பதினோராவது ஆளின் அட்டை

எதுக்கு எடுத்தான் இவன்? காலையிலிருந்து மருதாசலத்தின் மண்டைக்குள் இந்த ஒரு கேள்விதான் சுற்றிக்கொண்டிருந்தது. எடுத்தது என்னவோ ஒரு அட்டை. கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பக்கமும் அச்சில்லாத மடிப்பைக் கத்தரித்துச் செய்தது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதில் காளியப்பனின் பொடி எழுத்தில் ‘மருதாசலம், இடது கை சுழல், பதினோராவது ஆள்’ என்றிருக்கும். அதை எடுக்க ஆள் கிடையாது, எந்த வருஷமும் கிடையாது. பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, சிங்காநல்லூரில் வெள்ளிங்கிரியின் மோட்டார் ரீவைண்டிங் கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, இட்லியை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தால், பெட்டியிலிருக்கும் அட்டைகளையெல்லாம் மேசையில் பரப்பி, நீ ஒன்று நான் ஒன்று என்று வெள்ளிங்கிரியும் மருதாசலமும் மாற்றி மாற்றி எடுத்து இரண்டு டீம் பிரிப்பார்கள். காளியப்பன் அம்பயர். அன்றைக்கு இவர்கள் ஆடிய மில் டீமுக்கு ஸ்கோர் எழுதியவன், இன்றைக்கு இந்த மேசைக்கு எழுதுகிறான். எல்லாம் ஒரு காலத்தில் கோயமுத்தூர் லீக்கில் மூன்றாம் டிவிஷன் ஆடியவர்களின் அட்டைகள்தான். பாதிப் பேர் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள், சில பேர் போய்ச் சேர்ந்தே விட்டார்கள், அட்டையில் மட்டும் இன்னும் இருபத்தைந்து வயசில் நிற்கிறார்கள். நன்றாக அடிக்கிறவனெல்லாம் முதலில் போய்விடுவான். கடைசியில் சீந்துவாரில்லாமல் கிடக்கிற அட்டைகளில் மருதாசலமும் கிடப்பார். ‘செரி, நம்ம பையனை நாமளே எடுத்துக்குவோம்’ என்று அவரே அதை எடுத்துக்கொள்வார், வெள்ளிங்கிரி சிரிப்பான். வருஷா வருஷம் இதுதான் நடக்கும். இந்த வருஷம் என்னடா என்றால், தன்னுடைய மூன்றாவது முறையிலேயே வெள்ளிங்கிரி கையை நீட்டி அந்த அட்டையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். சிரிக்கவில்லை. அடுத்தது நீ எடு என்று தலையை மட்டும் ஆட்டினான்.

தெரிந்துவிட்டது இவனுக்கு. வேறென்ன இருக்க முடியும்? பெண்சாதி தெய்வானை சொல்லியிருப்பாள். வியாழக்கிழமை அந்தக் காது மூக்கு தொண்டை டாக்டர் வாய்க்குள் குழாயை விட்டு, ஒரு துளி சதையைக் கிள்ளி எடுத்து, டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன், செவ்வாய்க்கிழமை வந்து ரிசல்ட்டைப் பாருங்க, அதுவரைக்கும் அதிகம் பேசாதீங்க என்று சொன்னபோது கூட இருந்தவள் அவள் ஒருத்திதான். வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போதே ஆரம்பித்தாள். “ஏனுங்க, வெள்ளிங்கிரியண்ணங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. கூட ஒரு ஆம்பளையாள் இருந்தா நல்லதுங்க.” இவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, “ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். செவ்வாக்கிழமை நானே தனியாப் போயிட்டு வந்துக்கறேன். நீயும் வர வேண்டாம்” என்றார். என்ன வீராப்பு பாருங்கள். அவளா சொல்லாமல் இருப்பாள்? வெள்ளிங்கிரி பெண்சாதியும் அவளும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனார்கள். கோயிலுக்குப் போனால் சாமியை மட்டுமா பார்ப்பார்கள்? அங்கே ஒரு பாட்டம் அழுதிருப்பாள். அதைக் கேட்டு வெள்ளிங்கிரி பெண்சாதி போய் அவனிடம் சொல்லியிருப்பாள். அவன், ஐயோ பாவம் மருது, அவன் அட்டை எப்பவும் கடைசியில கிடக்குது, இந்த ஒரு வருசமாச்சும் முன்னாடியே எடுத்துப்போடலாம் என்று எடுத்திருப்பான். இந்த ஒரு வருஷமாவது. அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை, மருதாசலமாகவே கற்பனை செய்துகொண்டதுதான். ஆனாலும் அது சொல்லப்பட்ட மாதிரியே காதில் கேட்டது. இன்னும் பாருங்கள், காலையில் வந்தவுடன் ஃபிளாஸ்கிலிருந்து சுடுதண்ணி ஊற்றி இவர் பக்கம் நகர்த்தினான். என்றைக்கு ஊற்றினான் இதற்கு முன்னால்? ஃபேனுக்கு நேராக இருக்கிற, கால் ஆடாத நாற்காலியைக் கொடுத்தான். எல்லாவற்றுக்கும் மேலே, உட்கார்ந்ததிலிருந்து ஒரு தடவைகூட ‘கெரகம் புடிச்சவனே’ என்று திட்டவில்லை. நாற்பது வருஷப் பழக்கத்தில் அந்த வார்த்தை இல்லாமல் அவன் வாயைத் திறந்ததே கிடையாது. சாகப்போகிறவனைத் திட்டக்கூடாது என்று நினைக்கிறானோ என்னவோ.

“என்றா ரோசனை? உருட்டு” என்றான் வெள்ளிங்கிரி. கடைசி ஓவர். ஆட்டம் அந்த மட்டுக்கு வந்து நிற்கிறது என்பதே மருதாசலத்துக்கு அப்போதுதான் சரியாக உறைத்தது. வெள்ளிங்கிரி டீமுக்கு இன்னும் நாலு ரன் வேண்டும், ஒரே ஒரு விக்கெட் பாக்கி. ஒரு முனையில் வெள்ளிங்கிரியின் அட்டையே நிற்கிறது, விக்கெட் கீப்பர், தட்டித் தட்டி ஓடுகிற ரகம். பந்தைச் சந்திக்கப் போகிற முனையில் மருதாசலத்தின் அட்டை. பந்து போடுவது சூலூர் பக்தவச்சலத்தின் அட்டை, அது மருதாசலத்தின் டீம். ஆக, மருதாசலத்தை அவுட்டாக்க மருதாசலம்தான் உருட்ட வேண்டும். இப்படி ஒரு நிலைமை இத்தனை வருஷத்தில் வந்ததில்லை, தன் அட்டை தன்னோடே இருந்ததால் வர வழியும் இல்லை. மூன்று பகடையையும் அள்ளினார். இரண்டு வெள்ளை, ஒன்று சிவப்பு. சிவப்பில் ஒற்றைப்படை விழுந்தால் பவுலரின் அட்டையில் பவுலிங் பக்கத்தைப் பார்க்க வேண்டும், இரட்டைப்படை என்றால் பேட்ஸ்மேனின் அட்டையில் பேட்டிங் பக்கம். வெள்ளை இரண்டையும் கூட்டினால் வருகிற எண்ணுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நடந்தது. அவ்வளவுதான் ஆட்டம். மருதாசலத்தின் பேட்டிங்கில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் பார்க்கத் தேவையில்லை. ஆறு, போல்டு. ஏழு, காலில் பட்டு எல்.பி. எட்டு, கேட்ச். வெள்ளைப் பகடை இரண்டை உருட்டினால் அடிக்கடி விழுகிற எண்களே இந்த மூன்றும்தான். பன்னிரண்டுக்கு நேரே நாலு. அதுவும் எப்போதோ கண்ணை மூடிக்கொண்டு வீசியது ஸ்லிப் தலைக்கு மேலே போனதற்காக. பாக்கி எண்ணுக்கெல்லாம் ‘தடுத்தான்’, ‘தடுத்தான்’. ஒரு தடவை வெட்கத்தை விட்டுக் காளியப்பனிடம் கேட்டார், எட்டையாவது தடுத்தான் என்று மாற்றக்கூடாதா என்று. “நீ என்ன ஆடுனியோ அதத்தான மருது எழுத முடியும்” என்றுவிட்டான். கோபமில்லாமல் சொன்னான், அதுதான் ரொம்பச் சுட்டது. பகடைகள் வார்னிஷ் டப்பா மூடிக்குள் குதித்து நின்றன. சிவப்பில் ஐந்து. பவுலர் அட்டை. ரன் இல்லை.

பக்தவச்சலம். பெயரைச் சொன்னாலே இடது கால் கூசுகிறது இன்னும். அவன் ஓடி வருவதே தெரியாது, கை சுற்றுவதும் தெரியாது, பின்னால் கீப்பர் கிளவுஸில் பந்து மோதுகிற சத்தம்தான் தெரியும். அந்தக் காலத்தில் ஒரு மேட்ச்சில் வெள்ளிங்கிரி எதிர் முனையில் பேட்டோடு நின்றான், இதே மாதிரிதான், கடைசி விக்கெட், கொஞ்சம் ரன் வேண்டும். நடு பிட்ச்சுக்கு வந்து, “காலை மட்டும் நகத்தாத. மேல பட்டாப் படுது, செத்தா போயிருவே?” என்றான். நகர்த்த மாட்டேன் என்றுதான் மருதாசலமும் நினைத்தார். முருகா, நகர்த்த மாட்டேன். பக்தவச்சலம் ஓட ஆரம்பித்தான், கால் தன்பாட்டுக்கு ஒதுங்கியது. இவர் ஒதுக்கவில்லை, அதுவாக ஒதுங்கியது. மூன்று குச்சியும் நிற்பதைத் திறந்து காட்டிவிட்டு ஓரமாய் நின்ற ஆளை அவுட்டாக்க பக்தவச்சலம் எதற்கு? யாரும் திட்டவில்லை அன்றைக்கு. டீ கொடுத்தார்கள், பன் கொடுத்தார்கள். அடிபடும் என்ற பயம்கூடப் பெரிதில்லை, இவன் ஒதுங்குவான் என்று அத்தனை பேருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்ததுதான் பெரிது. வியாழக்கிழமை அந்த நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறங்க சார், இன்னும் கொஞ்சம், ஆடாதீங்க என்று டாக்டர் குழாயை எடுத்தபோது, இவருடைய இடது கால் மெல்ல நாற்காலியை விட்டு இறங்கித் தரையைத் தேடிக்கொண்டு போனதை அவரே பார்த்தார். நாற்பது வருஷமாகியும் இந்தக் காலுக்குப் புத்தி வரவில்லை. தெய்வானையும் பார்த்தாள். வந்து அந்த முழங்காலின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். அவளைத்தான் நீ வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் இந்தப் பெரிய மனுஷர்.

அடுத்த பந்து. சிவப்பில் இரண்டு, தன் அட்டை. வெள்ளையில் ஒன்றும் நாலும், ஐந்து. தடுத்தான். “நல்லா நிக்கறாண்டா” என்றான் காளியப்பன் பென்சிலை ஓட்டிக்கொண்டே. மூடிக்குள் கையை விட்டுப் பகடையை எடுக்கும்போதுதான் மருதாசலத்துக்கு அந்த நினைப்பு வந்தது. வந்திருக்கக்கூடாது, வந்துவிட்டது. இந்த ஓவர் முழுக்க அட்டையிலிருக்கிற இவன் அவுட்டாகாமல் நின்றுவிட்டால் செவ்வாய்க்கிழமை ரிசல்ட்டில் ஒன்றும் இருக்காது. சே, என்ன பேத்தல். கோயிலில் பூக் கேட்டுவிட்டுப் பொண்ணு பார்க்கப் போகிறவர்களை வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்கிற ஆள் இவர். மில் மூடிய பிறகு இத்தனை வருஷம் இன்சூரன்ஸ் பாலிசி பிடித்த ஆள். எதிரே இருப்பவன் காபியை ஆற்றிக்கொண்டிருக்கும்போது, நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்குங்க தெரியும் என்று புன்சிரிப்போடு சொல்லிக் கையெழுத்து வாங்கிய ஆள். அந்தக் குரலை வைத்துத்தான் பிழைப்பே நடந்தது. இப்போது நாலைந்து மாசமாக அது கரகரத்துப் போய், காலையில் பேச ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி விட்டுவிட்டுக் கேட்கிறது. மில்லில் தின்ற பஞ்சுத் தூசி, சளி, ஐப்பசி மழை என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லிப் பார்த்தாயிற்று. எச்சில் விழுங்கினார். வலது பக்கம் அதே இடத்தில் அதே முள். பேத்தலோ என்னவோ, நினைத்தது நினைத்ததுதான், இனி அதை வாபஸ் வாங்க முடியாது. சரி, நிற்கட்டும் இவன். ரன்னும் அடிக்க வேண்டாம், அவுட்டும் ஆக வேண்டாம். தடுத்துக்கொண்டே இருக்கட்டும். அப்படி ஆனால் ஆட்டமும் எனக்கு, ரிசல்ட்டும் எனக்கு. உள்ளங்கை வேர்த்துப் பகடை ஒட்டியது. மெதுவாக உருட்டினால் சின்ன எண்ணாக விழுமா? ஏண்டா மருதாசலம், உனக்கு எதிராக நீயே உருட்டுகிறாய், அதில் எதற்கடா மெதுவாக, வேகமாக?

சிவப்பில் மூன்று, பவுலர் அட்டை, ரன் இல்லை. அடுத்ததற்கு மூடியின் விளிம்பில் ஒரு பகடை ஏறி நின்று யோசித்துவிட்டு விழுந்தது. தன் அட்டை, ஒன்பது, தடுத்தான். வெள்ளிங்கிரி கையைப் பிசைந்துகொண்டு, “அடிக்கவும் மாட்டேங்கறான், போவவும் மாட்டேங்கறான்” என்று முனகினான். அந்த முனகலில் பாவம் பார்க்கிற தொனி இருக்கிறதா என்று மருதாசலம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இவனுக்குத் தெரிந்திருந்தால் நேராகக் கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே. ஏண்டா எங்கிட்டச் சொல்லல என்று சட்டையைப் பிடிக்க வேண்டியதுதானே. அதை விட்டுவிட்டு அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வது என்ன பழக்கம்? கேட்டால் சொல்லிவிடுவாரா? மாட்டார். சொன்னால் அந்த நிமிஷத்திலிருந்து மருதாசலம் போய் நோயாளி வந்துவிடுவான். டீயில் சர்க்கரை போடலாமா என்று கேட்பார்கள். படியிறங்கும்போது முழங்கையைப் பிடிப்பார்கள். பொங்கலுக்குப் பொங்கல் விட்டுக்கொடுத்து ஆடுவார்கள். பதினோராவது ஆளாக நாற்பது வருஷம் இருந்தாகிவிட்டது, அதற்கும் கீழே பன்னிரண்டாவதாக ஒரு இடத்தை இவர்கள் உண்டாக்கித் தர வேண்டாம். காலையிலும் இதே யோசனைதான். முதலில் மருதாசலத்தின் டீம்தான் பேட் பிடித்தது. யார் யார் எப்படி எப்படி அவுட்டானார்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. வெள்ளிங்கிரி உருட்டினான், சிரித்தான், உருட்டினான், காளியப்பன் விரலைத் தூக்கினான், ஒவ்வொருத்தனாக அட்டையைத் திருப்பி வைத்தார். மனசு பூராவும் அந்த ஒரு அட்டை மேலேயே இருந்தது. ஐந்தாவது பந்தை எப்போது உருட்டினார் என்பதுகூடத் தெரியவில்லை. காளியப்பன் ஒரு புள்ளி வைத்தான், “கடைசிப் பந்து” என்றான்.

இன்னும் நாலு வேண்டும். பன்னிரண்டு விழுந்தால் வெள்ளிங்கிரி ஜெயிப்பான், அதுகூடப் பரவாயில்லை, இவன் நின்ற மாதிரிதானே. ஆறு ஏழு எட்டு மட்டும் வேண்டாம். சிவப்பு ஒற்றைப்படையில் விழட்டும், தன் அட்டைக்கே போக வேண்டாம். கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று பார்த்தார். பக்தவச்சலம் ஓடி வருகிறான். மேசைக்கு அடியில் இடது கால் நகர்கிறது, அதை வலது காலால் மிதித்து நிறுத்தினார். விட்டார் பகடையை. சிவப்பு முதலில் நின்றது, நாலு. வெள்ளையில் ஒன்று மூன்று. இன்னொன்று சுழன்று சுழன்று, நாலு. ஏழு. எல்.பி. இந்த இடத்தில் அந்தக் கடையின் சட்டம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்.பி. விழுந்தால் அது தானாக அவுட் ஆகிவிடாது. மைதானத்தில் எப்படியோ அப்படித்தான் மேசையிலும், பந்து போட்ட டீம்காரன் வாய்விட்டு அம்பயரிடம் கேட்க வேண்டும். கேட்காமல் பகடையை அள்ளிவிட்டால் காளியப்பன் ஒரு புள்ளியை வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். ஆக ஒன்றுமே கெட்டுப்போகவில்லை. மருதாசலம் வாயை மூடிக்கொண்டு பகடையை அள்ளினால் போதும். ஓவர் முடிந்தது, ஆட்டம் அவருக்கு, அட்டையும் அவுட்டாகாமல் நிற்கும், வேண்டிக்கொண்டதும் பலிக்கும். டாக்டரும் பேசாதே என்றுதான் சொல்லியிருக்கிறார். கையை மூடிக்கு மேலே கொண்டுபோனார். ஏழு. கால் நேராகக் குச்சிக்கு முன்னால், பந்து பேடில் பட்ட அந்தப் பொத்தென்ற சத்தம், இதைவிடச் சுத்தமாக ஒருத்தன் மாட்ட முடியாது. “ஹவ்ஸ் தட்” என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. நாற்காலி பின்னால் சாய, இரண்டு கையும் மேலே போக, மருதாசலம் காளியப்பனைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். குரல் பாதியில் பிளந்து வெறும் காற்றாகப் போனது, இருந்தாலும் ரோட்டில் போன ஒருத்தர் ஷட்டருக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். காளியப்பன் விரலைத் தூக்கினான். மருதாசலத்துக்கு அப்படி ஒரு சந்தோஷம். உடம்பெல்லாம் ஓடியது. அது ஓடி முடிந்த பிறகுதான் அவுட்டானது யார் என்பதும், அதன் மேல் என்ன கட்டி வைத்திருந்தோம் என்பதும் ஞாபகம் வந்தது.

“ஏண்டா, வாயைத் தெறக்காம இருந்திருந்தாலும் நீதான ஜெயிச்சிருப்பே?” என்றான் வெள்ளிங்கிரி. “எதுக்குடா அந்தக் கத்துக் கத்துன?”

“அவுட்டுடா அது” என்றார் மருதாசலம். தொண்டை எரிந்தது. உட்கார்ந்தார். பயம் இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று உள்ளே தடவிப் பார்த்தார். இருந்தது, ஆனால் பகடையை விட்டு இறங்கித் தனியாக நின்றது. “என்னைய எதுக்குடா எடுத்தே?”

“எதுக்குன்னா?”

“மூணாவதாவே எடுத்தியே. எதுக்கு?”

வெள்ளிங்கிரி அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு மேசையிலிருந்த அந்த அட்டையை எடுத்துப் பின்பக்கம் திருப்பி அவர் முன்னால் போட்டான். பவுலிங் பக்கம். “காத்தால உன்ற டீம்ல பாதிப் பேரை ஊட்டுக்கு அனுப்புனது யாருன்னு நினைச்சே? இவந்தான். நீ எங்க பாத்தே, பேயடிச்சவனாட்ட உக்காந்திருந்தே. வருசா வருசம் இவனைக் கடைசியில சும்மா எடுத்துக்கிட்டு என்ற ஆளுங்களைச் சாய்ச்சுட்டிருந்தீல்ல? எனக்கு இப்பத்தான் புத்தி வந்துச்சு. பேட்டிங்குக்கா உன்னைய எடுப்பாங்க, கெரகம் புடிச்சவனே.”

“தெய்வானை ஒண்ணும் சொல்லலியா?”

“தெய்வானைக்கென்ன? என்ன சொல்லணும்?”

ஒன்றும் தெரியாது இவனுக்கு. முகத்தில் தெரிந்தது, நடிக்கிறவன் இல்லை. சுடுதண்ணி சும்மா ஊற்றிய சுடுதண்ணி, நாற்காலி சும்மா கிடந்த நாற்காலி. அவள் பாவம், சொல்லவேயில்லை, கோயிலில் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாள், அவளைப் போய் காலையிலிருந்து மனசுக்குள் வைது தீர்த்திருக்கிறார். இனி எழுந்து வீட்டுக்குப் போகலாம். யாருக்கும் தெரியாமல், தனியாக, நினைத்த மாதிரியே செவ்வாய்க்கிழமை போய்விட்டு வரலாம். யாரும் தடுக்கப் போவதில்லை. மருதாசலம் எழுந்திருக்கவில்லை. அட்டையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமாகத் தன் கையில் இருந்தது, இந்தப் பக்கத்தை ஆட்டத்துக்குப் பார்த்ததோடு சரி, தன்னைப் பற்றியது என்று ஒருநாளும் படித்ததில்லை.

“செவ்வாக்கிழமை கடையை ஆராச்சும் பாத்துக்குவாங்களா?” என்றார்.

“ஏன்?”

“தொண்டையில சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்கறாங்க. அன்னைக்கு ரிசல்ட்டு. தனியாப் போறேன்னு அவகிட்ட வீராப்பாச் சொல்லிப்போட்டேன். என்னால முடியாதுடா. பயமா இருக்குது.”

காளியப்பன் பென்சிலைக் கீழே வைத்தான். வெள்ளிங்கிரி பகடைகளை அள்ளிப் பெட்டிக்குள் போட்டு மூடினான்.

“எத்தனை மணிக்கு?” என்றான்.